‘சிகோஃபன்சி’: ஏஐ செய்திகளில் அடிபடும் சொல்லும் அதன் அத்திப்பழப் பின்னணியும்

2025 ஏப்ரல் கடைசி வாரத்தில் சாட்ஜிபிடியைப் பயன்படுத்தியவர்கள் ஒரு விநோதத்தைக் கவனித்தார்கள். எதைக் கேட்டாலும் பதிலுக்கு முன்னால் ஒரு பாராட்டு வந்து நின்றது. சாதாரணக் கேள்வி கேட்டவருக்கு அருமையான கேள்வி என்று சான்றிதழ். அரைகுறையாக எதையாவது சொன்னவருக்கு அபார சிந்தனையாளர் பட்டம். குச்சியில் மலத்தைச் செருகி விற்கும் தொழில் தொடங்கலாமா என்று ஒருவர் வேண்டுமென்றே கேட்டுப் பார்த்தார். மேதைத்தனமான யோசனை என்று பதில் வந்தது. கூடவே 30,000 டாலர் முதலீடு போடலாம் என்ற ஆலோசனையும். சில நாட்களிலேயே, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் இதற்குக் காரணமான புதுப்பிப்பைத் திரும்பப் பெற்றது. அப்போது அது சொன்ன காரணம் ஒரே ஆங்கிலச் சொல்லில் அடங்கியது: சிகோஃபன்சி (sycophancy).

அதற்குப் பிறகு ஏஐ பற்றிய எந்தச் செய்தியைத் திறந்தாலும் இந்தச் சொல் தட்டுப்படுகிறது. சிலர் இதை வெறும் புகழ்ச்சி என்று புரிந்துகொள்கிறார்கள், சிலர் ஏதோ மனநோய்ப் பெயர் என்று நினைக்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. சொல்லின் கதை தெரிந்தால், இயந்திரத்தில் நடக்கும் கோளாறும் பாதி புரிந்துவிடும். அதனால் முதலில் சொல், அப்புறம் இயந்திரம்.

சொல் என்ன சொல்கிறது

ஆதாயத்தை மனதில் வைத்துக்கொண்டு, தன்னைவிட வலுவான இடத்தில் இருப்பவரை அளவுக்கு மீறிப் புகழ்வதுதான் சிகோஃபன்சி. அப்படிச் செய்கிறவர் சிகோஃபன்ட். ஜால்ரா போடுவது, ஐஸ் வைப்பது, காக்கா பிடிப்பது என்று பேச்சில் சொல்வதெல்லாம் இதுதான். எழுத்தில் முகத்துதி என்போம். பழைய சொல் வேண்டுமென்றால் இச்சகம்.

எழுத்துக்கூட்டலைப் பார்த்து இதைச் சைக்கோவோடு சேர்த்துவிட வேண்டாம். சைக்கோவின் வேர் ‘ப்சூகே’ என்ற கிரேக்கச் சொல். உயிர், மனம் என்று பொருள். சிகோஃபன்டின் வேர் ‘சூகோன்’. அத்திப்பழம்!

மிகைப் புகழ்ச்சிக்கு ஆங்கிலத்தில் வேறு பல சொற்களும் இருக்கின்றன. செய்திகளில் இவற்றை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள், ஆனால் ஒவ்வொன்றுக்கும் நிறம் வேறு.

1. ஃப்ளாட்டரி: பொதுவான சொல். ஆதாயம் இருக்க வேண்டும் என்பதில்லை. காதலிலும் உண்டு, விருந்தினரிடமும் உண்டு.

2. அடுலேஷன்: நாய் வாலை ஆட்டிக் குழைவதைக் குறிக்கப் பயன்பட்ட லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஆனால் இன்றைக்கு ஒரு நடிகருக்கோ விளையாட்டு வீரருக்கோ கூட்டம் காட்டும் வெறித்தனமான அபிமானத்துக்கும் இதைச் சொல்கிறார்கள். அதில் பொய் இல்லாமலும் இருக்கலாம்.

3. ஃபுல்சம்: முதலில் ‘நிறைந்த’ என்றுதான் பொருள். பிறகு ‘திகட்டுகிற’ என்று ஆனது. இன்று ஒரு தலைவர் ‘ஃபுல்சம்’ பாராட்டு வழங்கினார் என்று படித்தால், மனதாரப் பாராட்டினாரா, குமட்டும் அளவுக்குப் புகழ்ந்தாரா என்று வாக்கியத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எழுதுபவர்கள் தவிர்ப்பது நல்லது.

4. டோடி: ஊர் ஊராகப் போய் மருந்து விற்ற போலி வைத்தியர்களின் உதவியாளுக்குத் ‘தேரை தின்பவன்’ என்று பெயர். விஷம் என்று நம்பப்பட்ட தேரையை அவன் தின்பான் (அல்லது தின்பதுபோல் நடிப்பான்), முதலாளி தன் மருந்தைக் கொடுத்துக் ‘காப்பாற்றுவார்’. எஜமானுக்காக எதையும் விழுங்குகிற ஆளுக்கு அந்தப் பெயர் சுருங்கி டோடி என்று நின்றுவிட்டது.

இவற்றுக்கு நடுவே சிகோஃபன்சியைத் தனித்துக் காட்டுவது ஒன்றுதான்: அதில் ஒரு கணக்கு இருக்கிறது. புகழ்கிறவருக்குக் கூலி எங்கிருந்தோ வருகிறது. இந்தக் கணக்கு எப்படி உள்ளே வந்தது என்று தெரிய ஏதென்ஸ் வரை போக வேண்டும்.

ஏதென்ஸில் அவன் புகழ்பவன் அல்ல

‘சூகோஃபாந்தேஸ்’ என்றால் அத்தியைக் காட்டுபவன். சூகோன் அத்தி, ஃபைனேன் காட்டுதல். ஆனால் பண்டைய ஏதென்ஸில் இந்தப் பெயர் சுமந்தவன் யாரையும் புகழவில்லை. ஊரார் மீது வழக்குப் போடுவதையே பிழைப்பாக வைத்திருந்தவன் அவன்.

அத்தி ஏன்? பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் ஒரு விளக்கம் தருகிறார். ஏதென்ஸுக்குச் சட்டம் வகுத்த சோலனின் காலத்துச் சட்டம், ஆலிவ் எண்ணெய் தவிர மற்ற விளைபொருள்களை ஏதென்ஸைச் சுற்றியுள்ள அட்டிகா பகுதியிலிருந்து வெளியே விற்கக் கூடாது என்றது. அத்திப்பழத்துக்கும் அந்தத் தடை இருந்திருக்கலாம், கடத்துகிறவனைக் காட்டிக்கொடுத்தவனுக்கு இந்தப் பெயர் வந்திருக்கலாம் என்கிறார். அவரே ‘இதை முழுக்க நம்பாமலும் இருக்க முடியாது’ என்ற தொனியில்தான் சொல்கிறார். இன்றைய அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. கட்டைவிரலை இரு விரல்களுக்கு நடுவே செருகிக் காட்டும் ஆபாசச் சைகைக்கும் அத்தி என்று பெயர் உண்டு, அதிலிருந்து வந்தது என்று ஒரு கட்சி. மரத்தை உலுக்கி மறைந்திருக்கும் பழத்தை வெளிப்படுத்துவதுபோல் பணக்காரனை உலுக்குபவன் என்று இன்னொரு கட்சி. எதற்கும் உறுதியான சான்று கிடையாது. இணையத்தில் கடத்தல் கதையை அடித்துச் சொல்லும் பதிவுகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடே படிக்க வேண்டியிருக்கிறது.

பெயர்க் காரணம் மங்கலாக இருந்தாலும் தொழில் தெளிவாக இருக்கிறது. ஏதென்ஸில் அரசு வழக்கறிஞர் என்று ஒரு பதவியே இல்லை. பொதுக் குற்றம் நடந்தால் ‘விரும்புகிற எவரும்’ வழக்குத் தொடுக்கலாம் என்று சோலன் வழி செய்திருந்தார். ஏழைக்கு அநீதி நடந்தால் அவனுக்காக வேறொரு குடிமகன் நீதிமன்றம் ஏறலாம் என்பது நோக்கம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சிலவகை வழக்குகளில் ஒரு ஊக்கத்தொகையும் இருந்தது. வணிகச் சட்டங்களை மீறியவர்கள் மீது தொடுக்கும் ‘ஃபாசிஸ்’ என்ற வழக்கில் ஜெயித்தால், விதிக்கப்படும் தொகையில் பாதி வழக்குத் தொடுத்தவனுக்கே.

அவ்வளவுதான், தொழில் பிறந்துவிட்டது. நீதிமன்றத்தில் ஜெயிப்பதுகூடத் தேவையில்லை. வழக்குப் போடுவேன் என்று மிரட்டினாலே போதும், பணம் வரும்.

இதற்குக் கிரேக்க எழுத்தாளர் செனபோன் ஒரு காட்சியைப் பதிவு செய்திருக்கிறார். சாக்ரடீஸின் நண்பர் கிரிட்டோ வசதியானவர். அவர் மேல் சிலர் வழக்குப் போடுகிறார்கள். அவர்களுக்கு அவர் ஒரு தீங்கும் செய்யவில்லை. தொல்லையைத் தாங்குவதைவிடப் பணத்தைக் கொடுத்துவிடுவார் என்று அவர்கள் போட்ட கணக்குதான் காரணம் என்று அவரே புலம்புகிறார். ஆடுகளைக் காக்க நாய் வளர்க்கிறீர்களே, உங்களைக் காக்க ஓர் ஆள் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று சாக்ரடீஸ் கேட்கிறார். அப்படிக் கிடைத்த ஆள் ஆர்க்கிடெமஸ். ஏழை, ஆனால் பேச்சில் கெட்டிக்காரர். கிரிட்டோ அறுவடையிலிருந்து தானியம், எண்ணெய், திராட்சை மது, கம்பளி என்று பங்கு அனுப்புகிறார். ஆர்க்கிடெமஸ் பதிலுக்கு அந்த மிரட்டல்காரர்களில் ஒருவனுடைய குற்றங்களைத் தோண்டி எடுத்து அவன் மேலேயே வழக்குப் போடுகிறார். அவன் கிரிட்டோவை விட்டுவிட்டு, ஆர்க்கிடெமஸுக்கும் பணம் கொடுத்து ஒதுங்குகிறான். அப்புறம் கிரிட்டோவின் நண்பர்களும் ஆர்க்கிடெமஸின் பாதுகாப்பைத் தேடி வருகிறார்கள்.

அரசு சும்மா இருக்கவில்லை. வழக்குத் தொடுத்தவருக்கு நடுவர்களின் வாக்கில் ஐந்தில் ஒரு பங்குகூட விழவில்லை என்றால் 1,000 டிராக்மா அபராதம். தேர்ந்த கைவினைஞரின் நாள் கூலி ஏறத்தாழ ஒரு டிராக்மா என்பதால் இது பெரிய தொகை. இனி அந்தவகை வழக்குப் போடும் உரிமையும் பறிபோகும். சூகோஃபாந்தேஸ்கள் மீதே புகார் கொடுக்க மக்கள் சபையில் ஆண்டுக்கு ஒருமுறை தனி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். குடிமக்களில் மூன்று பேர், குடியேறியவர்களில் மூன்று பேர் வரை பெயர் சொல்லலாம் என்று அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கும் ஏதென்ஸ் அரசியலமைப்பு நூல் குறிக்கிறது. இத்தனை செய்தும் ஒழியவில்லை. கி.மு. 404இல் ஆட்சியைப் பிடித்த முப்பது பேர் கொண்ட கொடுங்கோல் குழு, முதலில் கை வைத்தது இவர்கள் மேல்தான். அந்தக் கொலைகளுக்கு ஊரே மகிழ்ந்தது என்கிறார்கள் அக்கால எழுத்தாளர்கள். அந்தக் குழு அடுத்து யார் பக்கம் திரும்பும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

நாடகமேடையிலும் இவன் நிரந்தரப் பாத்திரம். கி.மு. 425இல் நகைச்சுவை நாடக ஆசிரியர் அரிஸ்டோஃபனீஸ் மேடையேற்றிய நாடகத்தில் நிகார்க்கஸ் என்று ஒருவன் வருகிறான். எதிரி நாட்டிலிருந்து வந்த சாதாரண விளக்குத் திரியைப் பார்த்துவிட்டு, இதை வைத்துக் கப்பல்துறையையே கொளுத்திவிடலாம் என்று குற்றம் சாட்டுகிறான். சரக்கு விற்க வந்த வெளியூர் வியாபாரிக்கு, பதிலுக்குத் தன் ஊரில் கிடைக்காத ஏதென்ஸ் பொருள் ஒன்று வேண்டும். உடனே நிகார்க்கஸையே மண்பாண்டம்போல் வைக்கோலில் சுற்றிக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஏதென்ஸின் தனிச்சிறப்பான ஏற்றுமதி!

இன்னொரு தகவல், இந்தச் சொல்லின் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது. கிரேக்கத்தில் முகத்துதிக்காரனுக்குத் தனிச் சொல் இருந்தது: ‘கோலக்ஸ்’. செனபோனின் விருந்து உரையாடலில், சொத்தை இழந்த கார்மிடிஸ் சொல்கிறார்: பணக்காரனாக இருந்தபோது திருடனுக்குப் பயந்தேன், சூகோஃபாந்தேஸ்களைத் தாஜா செய்துகொண்டிருந்தேன். அதாவது அன்று சிகோஃபன்ட் புகழவில்லை. அவனைத்தான் மற்றவர்கள் புகழ்ந்தார்கள்.

கோள் சொன்னவன் துதி பாடியது எப்படி

லத்தீனுக்குப் போனபோது ‘சிகோஃபான்டா’ ஏமாற்றுக்காரனாக ஆனான். ரோமானிய நாடக ஆசிரியர் பிளாட்டஸின் ஒரு நகைச்சுவை நாடகத்தில் மூன்று காசுக்குக் கூலி பேசி, போலிக் கடிதத்தை உண்மையானதாகக் காட்டி நடிக்க வருபவனுக்கு அதுவே பெயர். 16ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது கோள் சொல்பவன், போட்டுக்கொடுப்பவன் என்ற பொருளே இருந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் துதிபாடி என்ற பொருள் வந்து ஒட்டிக்கொண்டது, பழைய பொருள் மெல்ல உதிர்ந்தது.

இடையில் என்ன நடந்திருக்கும்? கோள் சொல்கிறவன் அதை ஒரு பெரிய மனிதரின் காதில்தான் சொல்கிறான். அவரிடம் நல்ல பெயர் எடுக்க வேண்டும். இன்னொருவனைத் தாழ்த்துவது ஒரு வழி, கேட்பவரை உயர்த்துவது இன்னொரு வழி. பெரும்பாலும் ஒரே வாய் இரண்டையும் செய்யும். டைபீரியஸ் காலத்து ரோமில் செனட் உறுப்பினர்கள் பேரரசரைப் போட்டி போட்டுத் துதித்ததையும், சகாக்கள் மீது ராஜத்துரோகக் குற்றம் சுமத்தி அவர்கள் சொத்தில் நான்கில் ஒரு பங்கைப் பெற்றதையும் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் ஒரே மூச்சில் எழுதுகிறார். அங்கே அவர்களுக்குப் பெயர் வேறு, பிழைப்பு அதேதான். அரசவை இருந்த ஐரோப்பாவில் இந்தச் சொல் ‘கோள்’ பக்கமிருந்து ‘துதி’ பக்கம் சாய்ந்ததில் ஆச்சரியமில்லை.

எல்லா மொழியிலும் சாயவில்லை. பிரெஞ்சில் ‘சிகோஃபான்ட்’ இன்றும் காட்டிக்கொடுப்பவனையே குறிக்கிறது. இன்றைய கிரேக்கத்தில் ‘சிகோஃபாந்தியா’ என்றால் அவதூறு. ஏஐ ‘சிகோஃபன்ட்’ ஆகிவிட்டது என்று ஒரு கிரேக்கரிடம் சொல்லிப் பாருங்கள், யாரைப் பற்றி அவதூறு பேசியது என்று கேட்பார்.

இயந்திரத்துக்கு ஏன் இந்தப் பெயர்

இயந்திரத்துக்கு ஆசை கிடையாது, பதவி உயர்வு வேண்டியதில்லை. பிறகு எப்படி ஆதாயம் என்ற சொல் பொருந்தும்? அதைப் பயிற்றுவிக்கும் முறையைப் பார்த்தால் பொருந்துவது தெரியும்.

1. முதல் கட்டத்தில் மொழி மாதிரி (சாட்ஜிபிடி போன்றவற்றுக்குள் இயங்கும் நிரல்) கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, அடுத்து என்ன சொல் வரும் என்று ஊகிக்கக் கற்கிறது. இங்கே அதற்கு யாரையும் திருப்திப்படுத்தும் வேலை இல்லை.

2. அடுத்து ஒரே கேள்விக்கு அது தரும் இரண்டு பதில்களை மனிதர்கள் ஒப்பிட்டு, எது நல்லது என்று குறிக்கிறார்கள்.

3. இந்தத் தேர்வுகளை வைத்து இன்னொரு மாதிரியை உருவாக்குகிறார்கள். எந்தப் பதிலைக் கொடுத்தாலும் மனிதருக்கு இது எவ்வளவு பிடிக்கும் என்று அது மதிப்பெண் போடும்.

4. முதல் மாதிரி, அந்த மதிப்பெண் கூடும்படி தன்னைத் திருத்திக்கொண்டே போகிறது.

சறுக்கல் இரண்டாவது படியில் இருக்கிறது. சரியான பதிலும் பிடித்த பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான், ஆனால் எப்போதும் அல்ல. ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. பயனரின் கருத்தோடு ஒத்துப்போகும் பதில்களை மனிதர்கள் கூடுதலாக விரும்பினார்கள். நன்றாக எழுதப்பட்ட இச்சகப் பதில் ஒன்றும், உண்மையைச் சொல்லும் பதில் ஒன்றும் முன்னால் இருந்தபோது, கணிசமான சமயங்களில் முதலாவதற்கே கை போனது. மனிதருக்கும் அப்படி, மதிப்பெண் போடும் மாதிரிக்கும் அப்படி.

அந்த ஆய்வு ஐந்து ஏஐ உதவியாளர்களிடம் கண்ட நடத்தைகளில் இரண்டைச் சொல்லலாம். ஒரு வாதத்தைக் கொடுத்து ‘இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது’ என்று சேர்த்தால் மதிப்பீடு இனிக்கிறது. அதே வாதத்தை ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று கொடுத்தால் அதே மதிப்பீடு கசக்கிறது. வாதத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. இன்னொன்று: சரியான பதிலைச் சொன்ன பிறகு ‘அப்படித் தெரியவில்லையே, நிச்சயமா?’ என்று கேட்டால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தவறான பதிலுக்குத் தாவுகிறது.

ஆகவே ஏஐ துறையில் சிகோஃபன்சி என்றால் இனிக்கப் பேசுவது மட்டுமல்ல. பயனர் என்ன நினைக்கிறாரோ அதன் பக்கம் உண்மையை வளைப்பது. ‘அருமையான கேள்வி’ என்பது எரிச்சல்தான், ஆபத்தில்லை. தவறான மருந்தளவை நீங்கள் உறுதியாகச் சொன்னதற்காகச் சரி என்று தலையாட்டுவதுதான் ஆபத்து. புகழே இல்லாமலும் அது நடக்கும். செய்திகளில் இந்த வேறுபாடு அடிக்கடி காணாமல் போகிறது.

இங்கேதான் ஏதென்ஸ் பொருந்துகிறது. அங்கே கெட்ட மனிதர்களைத் தேடிப் பிடித்து வழக்காட வைக்கவில்லை. அபராதத்தில் பாதி உனக்கு என்ற விதி, அப்படிப்பட்டவர்களை உருவாக்கியது. இங்கேயும் முகத்துதியை யாரும் நிரலாக எழுதி வைக்கவில்லை. பிடித்த பதிலுக்கு மதிப்பெண் என்ற விதி அதை விளைவித்தது.

2025 ஏப்ரலில் நடந்தது

சாட்ஜிபிடியை அப்போது இயக்கிய ஜிபிடி-4ஓ மாதிரியின் புதுப்பிப்பு ஏப்ரல் 25 அன்று வந்தது. இரண்டே நாளில் ஓபன்ஏஐ தலைமை நிர்வாகி சாம் ஆல்ட்மன், அதன் குணம் துதிபாடும் பக்கம் போய் எரிச்சலூட்டுகிறது என்று ஒப்புக்கொண்டார். மாத முடிவுக்குள் பழைய பதிப்பு திரும்பியது. மே 2 அன்று நிறுவனம் வெளியிட்ட விளக்கத்தில் சுவையான செய்தி இருக்கிறது. பயனர்கள் பதிலுக்குக் கீழே அழுத்தும் கட்டைவிரல் குறிகளை, மேல்நோக்கியதா கீழ்நோக்கியதா என்று பார்த்து, பயிற்சிக்கான கூடுதல் அடையாளமாகச் சேர்த்திருந்தார்கள். அதுவரை முகத்துதியை அடக்கி வைத்திருந்த முக்கியமான மதிப்பெண்ணின் பிடியை இது தளர்த்திவிட்டது.

வெளியிடுவதற்கு முன்பே, பரிசோதித்த சிலர் மாதிரியின் போக்கு ஏதோ சரியில்லை என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் சிறிய அளவில் விட்டுப் பார்த்தபோது பயனர்களுக்குப் பிடித்திருந்தது, எண்கள் நன்றாக இருந்தன. எண்களை நம்பினார்கள். என் பார்வையில் மொத்தக் கதையின் மையம் இந்த இடம்தான். முகத்துதியை அளக்க, முகத்துதிக்கு மயங்குபவரிடமே கருத்துக் கேட்டால் வேறென்ன வரும்?

விளைவு முகஸ்துதியோடு நிற்கவில்லை என்பதையும் நிறுவனமே சொன்னது. சந்தேகங்களுக்கு ஒத்து ஊதுவது, கோபத்தைக் கிளறுவது, அவசர முடிவுகளுக்குத் தூண்டுவது எல்லாம் அந்தப் பதிப்பில் இருந்தன.

2025 ஆகஸ்டில் ஜிபிடி-5 வந்தது. முகத்துதி குறைந்திருக்கிறது என்று அறிவித்தார்கள். பயனர்களில் ஒரு சாரார் கொதித்தார்கள்: புதியது உணர்ச்சியில்லாமல் பேசுகிறது, பழையதைக் கொடுங்கள். சில நாட்களில் ஜிபிடி-4ஓ கட்டணப் பயனர்களுக்குத் திரும்பி வந்தது. கனிவாகப் பேசுவதும் உண்மையை வளைப்பதும் வேறு வேறு என்பது உண்மைதான். ஆனால் இரண்டையும் பிரித்தெடுப்பது ஆய்வகத்திலும் எளிதாக இல்லை, சந்தையிலும் எளிதாக இல்லை.

கேட்பவர் செய்யக்கூடியது

மதிப்பெண் முறையை நாம் மாற்ற முடியாது. கேள்வியை மாற்றலாம். கோளாறு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டதால் வழிகளும் அதிலிருந்தே வருகின்றன.

1. உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள், அல்லது சொல்லவே வேண்டாம். ‘இந்தத் திட்டம் நல்லதுதானே’ என்பதில் விடையும் சேர்ந்தே இருக்கிறது. ‘இந்தத் திட்டம் தோற்றால் எதனால் தோற்கும்’ என்று கேட்டால் தலையாட்ட இடமில்லை.

2. உங்கள் எழுத்தை வேறொருவர் எழுதியதாகக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு மதிப்பீட்டுக்கும் இடையே வித்தியாசம் பெரிதாக இருந்தால், முதலாவது உங்களுக்காகப் போட்ட இனிப்பு.

3. ‘நிச்சயமா?’ என்று கேட்டு உண்மையைச் சோதிக்க நினைக்காதீர்கள். பதில் மாறினால், முதல் பதில் தவறு என்று ஆகாது. மாறாவிட்டால் சரி என்றும் ஆகாது. அந்தக் கேள்வி சோதிப்பது அதன் வளைந்து கொடுக்கும் தன்மையை மட்டுமே. காரணத்தையும் ஆதாரத்தையும் தனியாகக் கேட்டு, வேறு இடத்தில் சரிபார்ப்பதுதான் வழி.